அறுபது பெட்டிக்கு ஆயிரம் ரூபாய்: அன்பளிப்புப் பெட்டிகளை வீட்டிலேயே செய்ய ஒரு வழிகாட்டி

ஐப்பசி மாதத்தில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் தங்கைக்கு வளைகாப்பு நடத்தியபோது, வந்திருக்கும் பெண்களுக்கு வளையலையும் குங்குமச் சிமிழையும் ஓர் அழகான அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுக்க விரும்பினோம். கடையில் விசாரித்ததில் பெட்டி ஒன்றுக்கு 45 ரூபாய் சொன்னார்கள். அறுபது பெட்டிக்கு 2,700 ரூபாய். வீட்டிலேயே செய்துவிடலாம் என்று துணிந்து இறங்கிய முதல் முயற்சியில் 800 ரூபாய்ப் பொருள் வீணாயிற்று. மூடிகள் பெட்டியின் மேல் இறங்கவில்லை. ஒட்டிய பெட்டிகளில் ஒரு வாரத்துக்குள் பூஞ்சை படிந்தது. மறுபடியும் தொடங்கி, 1,005 ரூபாயில் அறுபது பெட்டிகளையும் முடித்தேன். முதல் முயற்சியில் எங்கே தவறினேன், இரண்டாவதில் எதை மாற்றினேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்த 800 ரூபாயாவது மிச்சமாக வேண்டும்.

1. முதலில் உள்ளே வைக்கும் பொருளை வாங்குங்கள்

பெட்டியைச் செய்துவிட்டு அதற்கேற்ற பொருளைத் தேடுவதுதான் செலவை ஏற்றும் முதல் தவறு. பொருள் கைக்கு வந்த பிறகே அளவெடுங்கள். வளையலில் 2-4, 2-6, 2-8 என்று பல அளவுகள் வாங்குவோம். இவற்றில் பெரியதான 2-8 வளையலை வைத்தே கணக்கிட வேண்டும். அதன் உள்விட்டம் ஏறத்தாழ 6.4 செ.மீ., வெளிவிட்டம் சுமார் 7 செ.மீ. மெல்லிய கண்ணாடி வளையல் ஒரு டஜனை அடுக்கினால் எங்களுக்கு நான்கரை செ.மீ. உயரம் வந்தது. பக்கத்தில் சிமிழுக்கு நான்கு செ.மீ. இடம் விட்டதில், உள்ளளவு 11 செ.மீ. நீளம், 11 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் என்று முடிவாயிற்று. இனி வரும் கணக்கெல்லாம் இந்த அளவுக்கானவை. உங்கள் பொருளுக்கு ஏற்ப எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

2. அடிப்பெட்டிக்கும் மூடிக்கும் தாள் கணக்கு

சதுரப் பெட்டிக்கான கணக்கு எளிது. அடிப்பாகத்தின் பக்க அளவோடு உயரத்தை இரண்டு முறை கூட்டினால், வெட்ட வேண்டிய சதுரத் தாளின் பக்கம் கிடைக்கும். நம் பெட்டிக்கு 11 + 5 + 5, ஆக 21 செ.மீ.

மூடியில்தான் நான் தவறினேன். அடிப்பெட்டிக்கும் மூடிக்கும் ஒரே அளவு வைத்ததால் ஒன்றன் மேல் ஒன்று இறங்கவே இல்லை. அழுத்தியபோது மூலைகள் கிழிந்தன. மூடியின் பக்கம் அடிப்பெட்டியைவிட 3 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். ஆகவே மூடியின் மேற்புறம் 11.3 செ.மீ.; அதன் உயரம் 3 செ.மீ. போதும், வெட்ட வேண்டிய சதுரம் 11.3 + 3 + 3, அதாவது 17.3 செ.மீ. கூடுதலாக விடும் இடைவெளி 2 மி.மீ.க்குக் குறைந்தால் மூடி இறுகிக்கொள்ளும், 5 மி.மீ.யைத் தாண்டினால் பெட்டியைக் கையில் எடுக்கும்போதே நழுவும். அட்டை தடிக்கத் தடிக்க இந்த இடைவெளியும் சற்றே கூட வேண்டும் என்பதால், மொத்தமாக வெட்டுவதற்கு முன்பு ஒரு மாதிரிப் பெட்டியைச் செய்து, பொருளை உள்ளே வைத்து மூடிப் பாருங்கள்.

3. அட்டை வாங்கும்போது

எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் பள்ளிக்கூடச் சார்ட் தாள் பெட்டிக்கு உதவாது. வளையலின் கனத்துக்கே அடிப்பக்கம் தொய்ந்துவிடும். 300 ஜிஎஸ்எம் கார்டு என்று கேட்டு வாங்குங்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை இத்தனை கிராம் என்பதைத்தான் ஜிஎஸ்எம் குறிக்கிறது. 250 ஜிஎஸ்எம்முக்குக் கீழே போக வேண்டாம். 350க்கு மேல் போனால் கையால் மடிப்பது கடினமாகி, மடிப்பில் வெடிப்பு விழும்.

ஏ4 அளவில் வெட்டி விற்கும் கார்டு வசதியாகத் தோன்றும். அதன் அகலம் சரியாக 21 செ.மீ. என்பதால் நானும் முதலில் அதையே வாங்கினேன். ஆனால் அறுபது பெட்டிக்கு அடிப்பாகத்துக்கு அறுபது, மூடிக்கு அறுபது என்று 120 தாள்கள் தேவைப்படும். தாள் 6 ரூபாய் என்றாலும் 720 ரூபாய். 22க்கு 28 அங்குலம், அதாவது ஏறத்தாழ 56க்கு 71 செ.மீ. அளவுள்ள முழுத் தாளாக வாங்கினால் கணக்கே மாறுகிறது. ஒரு முழுத் தாளில் 21 செ.மீ. சதுரம் ஆறு வரும், 17.3 செ.மீ. சதுரம் பன்னிரண்டு வரும். அடிப்பாகத்துக்குப் பத்துத் தாள், மூடிக்கு ஐந்து, தவறுக்கென்று இரண்டு என 17 தாள்கள் போதும். நான் வாங்கிய விலை தாளுக்கு 25 ரூபாய். மொத்தம் 425 ரூபாய். அலங்காரத்தில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் இந்த ஓரிடத்தில் மிச்சமாகும் அளவுக்கு வேறெங்கும் மிச்சமாவதில்லை. எனவே கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எத்தனை சதுரம் அடங்கும் என்பதை வீட்டிலேயே வரைந்து பாருங்கள். சில வேளை பெட்டியின் அளவை அரை செ.மீ. குறைத்தால் ஒரு தாளுக்கு இரண்டு சதுரம் கூடும்.

4. வெட்டக் கொடுப்பதும் வைத்திருக்க வேண்டிய சீட்டுகளும்

120 சதுரங்களைக் கட்டரால் கையில் வெட்டுவது இரண்டு நாள் வேலை. அப்படியும் ஓரங்கள் ஒன்றுபோல் அமையாது. அச்சகங்களிலும் பைண்டிங் கடைகளிலும் உள்ள கட்டிங் மெஷினில் தாள்களை அடுக்காக வைத்துச் சில நிமிடங்களில் வெட்டிவிடுவார்கள். எனக்கு ஆன கூலி 80 ரூபாய்.

அளவை வாயால் சொல்லாதீர்கள். செ.மீ., அங்குலம் இரண்டையும் கலந்து பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. “எட்டேகால்” என்று ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் எட்டாக விழுந்தால், அடுக்கிய தாள் மொத்தமும் ஒரே வெட்டில் பாழாகும். ஒரு தாளில் படம் வரைந்து, ஒவ்வொரு பக்கத்திலும் செ.மீ. என்று எழுதி, அடிப்பாகம் 21 × 21, அறுபது, மூடி 17.3 × 17.3, அறுபது என்று குறித்துக் கொடுங்கள். நீங்கள் செய்து பார்த்த மாதிரிப் பெட்டியையும் உடன் கொண்டுபோங்கள். முதல் அடுக்கை வெட்டியதும் ஒன்றை வாங்கி உங்கள் ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டு மீதியை வெட்டச் சொல்வதில் தயங்க வேண்டாம். அனுபவமுள்ள தொழிலாளர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

தாள் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். வெட்டாத முழுத் தாளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டு, ஒப்புக்கொண்டால் அதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

5. மடிப்புக்கோடு, வெட்டு, ஒட்டு

பெட்டியின் அழகு மடிப்புக்கோட்டில் இருக்கிறது. தடித்த அட்டையை வெறுமனே மடித்தால் ஓரம் வளைந்து, மேற்பரப்பு வெடிக்கும். மை முழுவதும் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவையும் ஸ்டீல் ஸ்கேலையும் கொண்டு மடிக்கும் இடத்தில் ஒருமுறை அழுத்திக் கோடிட்டுவிட்டு மடிக்க வேண்டும். பேனாவில் மை உண்மையாகவே தீர்ந்துவிட்டதா என்பதை வேறு தாளில் நன்றாகக் கிறுக்கிப் பாருங்கள். பாதிப் பெட்டியில் நீலக்கோடு விழுந்தால் அழிக்க வழியில்லை.

பெட்டிக்கு வெளிப்புறமாக வரப்போகும் பக்கத்தை மேலே வைத்து, ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் 5 செ.மீ. தள்ளி நான்கு கோடுகள் அழுத்துங்கள். மூடிக்கு 3 செ.மீ. தள்ளி அழுத்த வேண்டும். பென்சிலால் குறித்தால் கறை தெரியும் என்பதால் ஊசிமுனையால் புள்ளி வைத்துக்கொள்வது நல்லது. கோடு பள்ளமாக விழுந்த பக்கம் பெட்டிக்கு வெளியேயும், மேடாக எழும்பிய பக்கம் உள்ளேயும் அமையும்படி மடிக்க வேண்டும். பள்ளத்தை உள்ளே வைத்து மடிப்பது இயல்பாகத் தோன்றினாலும், அப்படி மடித்தால் மேற்பரப்பு இழுபட்டு வெடிக்கும்.

அட்டைக்கும் துணியைப் போல இழையோட்டம் உண்டு. இழையின் போக்கில் மடித்தால் எளிதில் மடியும். குறுக்கே மடித்தால் எதிர்த்து நிற்கும். சதுரப் பெட்டியில் இரண்டு திசையிலும் மடித்தே ஆக வேண்டும் என்பதால், எதிர்க்கும் திசையில் மட்டும் கோட்டை இரண்டு முறை அழுத்துங்கள்.

அடுத்து, எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மட்டும், மடிப்புக்கோட்டின் மேலேயே, ஓரத்திலிருந்து கோடுகள் சந்திக்கும் புள்ளிவரை வெட்டுங்கள். மொத்தம் நான்கு வெட்டுகள்தான். புள்ளியைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் வெட்டிவிட்டாலும் மூலையில் ஓட்டை தெரியும். அரை மில்லிமீட்டர் முன்னதாகவே நிறுத்துவது பாதுகாப்பு. மூலைகளில் காதுபோல் நிற்கும் சதுரங்களின் மேல் விளிம்பை 2 மி.மீ. சரிவாகச் சீவிவிட்டு, அவற்றைப் பக்கச் சுவரின் உட்புறத்தில் ஒட்டி, துணி மாட்டும் கிளிப்பால் கால்மணி நேரம் பிடித்துவையுங்கள். இருபது கிளிப் இருந்தால் ஐந்து பெட்டிகளை ஒரே சமயத்தில் ஒட்டலாம்; ஐந்தாவது முடியும்போது முதலாவது காய்ந்திருக்கும்.

6. பசையும் மழையும்

இதைப் படிக்காமல் எவரும் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடலூர், புதுச்சேரி கடற்கரைப் பகுதிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. தீபாவளி, வளைகாப்பு, கார்த்திகை என்று அன்பளிப்புகள் கைமாறும் காலமும் அதுவே. காற்றிலுள்ள ஈரத்தை அட்டை உறிஞ்சி வளையும். பசை காய மறுக்கும்.

செலவைக் குறைக்க எண்ணி நான் முதல் முயற்சியில் மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கினேன். வெயில் காலத்தில் சுவரொட்டி ஒட்டுவதற்குச் சிறந்த பசைதான். ஆனால் அது தண்ணீரை மிகுதியாகக் கொண்டது, பூஞ்சைக்கு உணவும் ஆகும். அடைமழை நாளில் ஒட்டி அடுக்கிவைத்த பெட்டிகளைப் பிரித்தபோது மூலைகளில் சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. பைண்டிங் வேலையில் பூச்சி, பூஞ்சைக்கு எதிராகப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டிலும், தின்பண்டம் வைக்கும் பெட்டியிலும் அறவே கூடாது.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே தகுந்தது. கால் கிலோ டப்பா ஒன்றில் அறுபது பெட்டியும் முடிந்து மீதமிருந்தது; நான் கொடுத்தது 90 ரூபாய். குழாயிலிருந்து நேரடியாகப் பிதுக்காமல், கிண்ணத்தில் எடுத்துத் தட்டைத் தூரிகையால் மெல்லிய படலமாகப் பூசுங்கள். பசையை அதிகமாகப் பூசினால் ஒட்டு வலுவாகாது. அட்டைதான் ஊறி வளையும். ஒட்டிய பெட்டிகளை வெயிலில் காயவைக்க வேண்டாம். ஒரு பக்கம் முந்திக் காய்ந்து கோணிவிடும். மின்விசிறியின் கீழே, மூடாமல், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் ஓர் இரவு வைத்தால் போதும். மழை விடாத நாளானால் முழுமையாக 24 மணி நேரம் விடுங்கள்.

7. குறைந்த செலவில் அலங்காரம்

பெட்டி முழுவதையும் பளபளக்கும் தாளால் சுற்ற வேண்டிய தேவையே இல்லை. நடுவில் ஒரு பட்டை போதும். அதற்குக் கையால் செய்த காகிதத்தைப் போல அழகு சேர்ப்பது வேறில்லை என்பது என் கருத்து. புதுச்சேரியில், சர்தார் படேல் சாலையிலுள்ள ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பிரிவு இதற்குப் பெயர்பெற்றது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி ஒவ்வொரு தாளாக வார்ப்பதால், இந்த வகைக் காகிதம் மெத்தென்றும் உறுதியாகவும் இருக்கும்.

பட்டையின் கணக்கைப் பாருங்கள். மூடிய பெட்டியைச் சுற்றிவர ஏறத்தாழ 33 செ.மீ. ஆகும், ஒட்டுவதற்கு ஒரு செ.மீ. சேர்த்து 34. அகலம் 4 செ.மீ. போதும். 56க்கு 76 செ.மீ. அளவுள்ள ஒரு காகிதத்தில் இப்படி 28 பட்டைகள் கிடைக்கும். அறுபதுக்கு மூன்று தாள், தாள் 70 ரூபாய் வீதம் 210 ரூபாய். இதே காகிதத்தால் பெட்டி முழுவதையும் சுற்றியிருந்தால் செலவு பல மடங்காகியிருக்கும். மூன்றாவது தாளில் மீந்ததைப் பெயர் எழுதும் சீட்டுகளாக்கிக்கொண்டோம். பட்டையைப் பெட்டியோடு ஒட்டாமல் தனக்குத்தானே வளையமாக ஒட்டினால், மூடியைத் திறக்கும்போது கிழியாமல் கழற்றலாம்.

பட்டையின் மேல் சணல் கயிறு கட்டலாம். ஓர் உருண்டை 60 ரூபாய். நைந்துபோன பட்டுப்புடவையின் சரிகைக் கரை வீட்டில் இருந்தால் அதற்கு ஈடான ரிப்பன் கடையில் கிடைக்காது. புதுச்சேரி காந்தி வீதியில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் லேஸ், பாசி, குஞ்சம் போன்றவற்றைப் பார்க்கலாம். எத்தனை மீட்டர் வேண்டும் என்று எழுதிக்கொண்டு போகாவிட்டால் தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கிவிடுவோம். கோலம் போடத் தெரிந்தவர்கள் மூடியில் வெள்ளை ஜெல் பேனாவால் ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றை இட்டால் வேறு அலங்காரமே வேண்டியிருக்காது. என் அம்மா அறுபது மூடிகளுக்கும் அப்படி இட்டார். வந்தவர்கள் முதலில் கேட்டது அதைப் பற்றித்தான்.

பழைய திருமண அழைப்பிதழ்களின் தடித்த அட்டையிலிருந்து அழகான துண்டுகள் கிடைக்கும். தெய்வப் படமும் மணமக்கள் பெயரும் உள்ள பகுதிகளைத் தொடாமல், ஓர வேலைப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வது மரியாதை.

இரண்டு பொருள்களைத் தவிர்த்துவிடுங்கள். அலங்காரத்துக்கான தெர்மாகோலும், இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ் ஆகியவற்றின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் படலமும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. பழைய செய்முறைகள் பலவற்றில் இவை இரண்டும் இன்னமும் இடம்பெறுகின்றன.

8. கனமான பொருளானால் மில் போர்டு

பித்தளை விளக்கு, அரைக் கிலோ பண்ருட்டி முந்திரி போன்றவற்றுக்கு மடிப்புப் பெட்டி தாங்காது. 2 மி.மீ. தடிப்புள்ள மில் போர்டை, அதாவது கெட்டி அட்டையை, துண்டுகளாக வெட்டி ஒட்ட வேண்டும். உள்ளளவு 15 × 10 × 6 செ.மீ. என்றால் அடித்தட்டு 15 × 10. நீளச் சுவர் இரண்டும் 15 × 6.2; அகலச் சுவர் இரண்டும் 10.4 × 6.2. அட்டையின் தடிப்பு இரண்டு பக்கமும் சேர்வதால்தான் அந்த 0.4 கூடுகிறது, இதை மறந்தால் மூலையில் இடைவெளி விழும். மூடிக்கு மேல்தட்டு 15.7 × 10.7, சுவர்கள் 15.7 × 3, 11.1 × 3.

வெளிப்புறம் தாள் ஒட்டியதும் அட்டை வில்போல் வளைவதைக் கண்டு பதறாதீர்கள். ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி இழுக்கிறது. உட்புறத்திலும் ஒரு தாள் ஒட்டிவிட்டால் இரு பக்க இழுவையும் சமமாகி நிமிர்ந்துவிடும்.

9. தின்பண்டம் வைப்பதாக இருந்தால்

மில் போர்டு பெரும்பாலும் பழைய காகிதத்திலிருந்து செய்யப்படுவது. அதன் மேல் இனிப்பை நேரடியாக வைக்கக் கூடாது. செய்தித்தாளை உள்ளே விரிப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. அச்சு மை எண்ணெயில் ஊறி உணவில் கலக்கும். பட்டர் பேப்பரை அளவாக வெட்டி விரியுங்கள். நாங்கள் வளையலோடு ஒரு சிறு லட்டும் வைத்ததால் அறுபது பெட்டிக்கு இதற்கு 80 ரூபாய் ஆயிற்று. ஜிகினாத் தூளை உட்புறம் எங்கும் தூவாதீர்கள்.

10. செலவுக் கணக்கும் நாள் கணக்கும்

கார்டு 425, வெட்டுக்கூலி 80, கைக்காகிதம் 210, பசை 90, கயிறு 60, பட்டர் பேப்பர் 80, கட்டரும் பிளேடும் 60. ஆகமொத்தம் 1,005 ரூபாய். பெட்டி ஒன்றுக்கு 16 ரூபாய் 75 காசு. பேருந்துக் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை. பத்துப் பெட்டி மட்டும் வேண்டுமென்றால் பசை, கயிறு, கட்டர் ஆகியவற்றின் செலவு குறையாது என்பதால் ஒன்றின் அடக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

கை பழகிய பிறகு எனக்குக் கோடிட்டு வெட்ட எட்டு நிமிடம், ஒட்ட ஐந்து, அலங்கரிக்க நான்கு என்று பெட்டிக்கு 17 நிமிடம் ஆயிற்று. அறுபதுக்கு 17 மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒன்பது நாள். மாதிரி செய்ய ஒரு நாள், பொருள் வாங்கவும் வெட்டவும் இரண்டு நாள், மழைக்கென்று மூன்று நாள் என்று சேர்த்தால் பதினைந்து நாள்; விழாவுக்கு முந்தைய இரண்டு நாள்களையும் விட்டுவைத்தால் பதினேழு நாள் முன்பே தொடங்கியாக வேண்டும். கடைசி இரண்டு நாள்களைப் பெட்டிக்காக ஒதுக்காதீர்கள். அந்த நாள்களில் வீட்டில் வேறு வேலைகள் காத்திருக்கும்.

11. விற்க எண்ணினால்

வீட்டு விழாவுக்குச் செய்வதற்கு எந்த ஆவணமும் தேவையில்லை. தெரிந்தவர்கள் கேட்டு, விலைக்குச் செய்யத் தொடங்கினால், அளவு, எண்ணிக்கை, நிறம், கொடுக்க வேண்டிய நாள், முன்பணம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். குறுந்தொழிலாகப் பதிய உத்யம் பதிவு இருக்கிறது. ஆதாரும் பான் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் போதும். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் இடைத்தரகருடையது. தின்பண்டத்தையும் சேர்த்து விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஜிஎஸ்டி பதிவுக்குரிய ஆண்டு விற்பனை வரம்பு பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் விற்பவருக்கு இந்த வரம்பு பொதுவாகப் பொருந்தாது. குறிப்பிட்ட கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரு மணி நேரப் பயணம்தான் என்றாலும் சட்டத்தின் பார்வையில் அது வேறு எல்லை. எல்லை தாண்டி ஆர்டர் எடுக்கும் முன் உங்கள் பெட்டி அந்த விலக்கில் அடங்குமா என்று கணக்காயர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

12. மண்டபத்துக்கு எடுத்துச் செல்லும்போது

பொருளை நிரப்பிய பெட்டிகளைச் சாக்குப் பையில் போட்டால் அடியிலுள்ளவை நசுங்கும். மளிகைக் கடையில் பெரிய அட்டைப்பெட்டி இரண்டு கேட்டு வாங்கி, மூன்று அடுக்குக்கு மேல் போகாமல், அடுக்குக்கு நடுவே ஒரு தட்டை அட்டை வைத்து அடுக்குங்கள். அகலம் 36 செ.மீ., நீளம் 60 செ.மீ. உள்ள பெட்டியில் அடுக்குக்குப் பதினைந்து வரை பிடிக்கும். வெளிப்புறம் மழைக்கு ஒரு தார்ப்பாய்த் துண்டால் மூடி, மண்டபத்தில் இறக்கியதும் உடனே அதை எடுத்துவிடுங்கள். மூடியே வைத்தால் உள்ளே புழுங்கிப் பட்டைகள் தளர்ந்துபோகும். நாலைந்து பட்டையும் சிறிது பசையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எங்களுக்கு மண்டபத்தில் மூன்று பட்டைகள் மாற்ற வேண்டியிருந்தது.